சேமிப்பவரும் ஓடி வருபவரும்

(சங்ககிரியில் நடைபெற்ற ஆதரவாளர் கூட்டத்தில், மருத்துவமனையின் மின் சாதனங்களைப் பராமரிக்கும் பொறியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் டாக்டர்களும் நர்சுகளும்தான் பேசுவார்கள். இம்முறை மின்சார வேலை பார்க்கிற என்னை எழுந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உங்களில் பலருடைய மனதில் இருக்கிற ஒரு கேள்வி. "சூரியத் தகடுகள் வாங்குவதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். வெயிலுக்கு விலை கிடையாது. அப்படியிருக்க, சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரிக்கு என்று ஏன் கேட்கிறீர்கள்?" இது நியாயமான கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்வதோடு, அந்தப் பேட்டரியை நீண்ட நாள் உழைக்க வைக்கும் ஒரு வழியையும் உங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

இன்றைக்கு நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான். மின்சாரத்தைச் சேமித்துக் கொடுப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. நிறைய வைத்திருந்து நிதானமாக, மணிக்கணக்கில் கொடுப்பது ஒரு வேலை. கேட்ட கணத்தில் மொத்தமாக ஓடி வந்து கொடுப்பது மற்றொரு வேலை. ஒரே ஆள் தலையில் இரண்டையும் கட்டினால் அவர் சீக்கிரம் ஓய்ந்துபோவார். இரண்டுக்கும் இரண்டு பேரை வைத்தால் இருவருமே நெடுநாள் உழைப்பார்கள்.

லாரிக்காரர்கள் அறிந்த உண்மை

சங்ககிரி லாரிக்குப் பெயர்போன ஊர். ஆகவே லாரியிலிருந்தே தொடங்குகிறேன். பழைய பேட்டரி உள்ள வண்டியில் காலையில் ஏறி உட்கார்ந்தால் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். ஆனால் செல்ஃப் எடுக்காது. நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். ஏன் அப்படி? பேட்டரியில் மின்சாரமே இல்லை என்றால் விளக்கு எரியக் கூடாது அல்லவா?

மின்சாரம் இருக்கிறது. விளக்குக்கு வேண்டியது சில ஆம்பியர்தான். ஆனால் செல்ஃப் மோட்டாருக்கு ஓரிரு விநாடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். வயதான பேட்டரியால் அவ்வளவையும் ஒரே மூச்சில் தள்ளிக் கொடுக்க முடிவதில்லை. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பெரிது என்பது ஒரு கேள்வி. அதிலிருந்து இறங்கும் குழாய் எவ்வளவு தடிமன் என்பது வேறொரு கேள்வி. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாய் ஒல்லியாக இருந்தால் அவசரத்துக்கு வாளி நிரம்பாது. தொட்டியின் கொள்ளளவை எங்கள் துறையில் ஆற்றல் என்போம். குழாயின் வேகத்தைத் திறன் என்போம். பேட்டரி பெரிய தொட்டி. ஆனால் அதன் குழாய் அளவானது.

பேட்டரி ஏன் அப்படி என்றால், அதற்குள் நடப்பது இரசாயன மாற்றம். 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரிதான் இன்றும் லாரியிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இருக்கிறது. அது மின்சாரம் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஈயத் தகட்டின் பொருளே வேறொன்றாக மாறி, மறுபடியும் பழையபடி ஆகிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் சூடாகும், தகடு தேயும். அரைகுறையாகச் சார்ஜ் ஆன நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு முழுதாகச் சார்ஜ் ஏறாது.

நம் வார்டில் உள்ள சாட்சி

இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வது புதிய சங்கதி அல்ல. நம் மருத்துவமனை போன்ற இடங்களில் அது கண்முன்னே இருக்கிறது. இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் நிலையில் மார்பில் வைத்து அதிர்ச்சி கொடுக்கிற டிஃபிப்ரில்லேட்டர் கருவியைச் சொல்கிறேன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்டு லவுன் உருவாக்கிய முறையில், ஒரு மின்தேக்கியில், அதாவது கெப்பாசிட்டரில், மின்சாரத்தை நிரப்பி அதை ஒரு நொடிப்பொழுதில் நோயாளியின் மார்புக்குள் செலுத்துகிறார்கள்.

அந்த அதிர்ச்சியின் உச்ச அளவு சுமார் 360 ஜூல். அது எவ்வளவு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு 40 விநாடி எரியச் செலவாகும் மின்சாரம்தான். ஆனால் அது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள் பாய வேண்டும். கருவியில் உள்ள பேட்டரியால் அது முடியாது. ஆகவே பேட்டரி சில விநாடிகள் எடுத்துக்கொண்டு, நிதானமாகக் கெப்பாசிட்டரை நிரப்பிக் கொடுக்கிறது. கெப்பாசிட்டர் கண்மூடித் திறப்பதற்குள் கொட்டிவிடுகிறது. பேட்டரி மட்டும் இருந்தால் நின்ற இருதயம் நின்றதுதான். கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால் இரண்டாவது அதிர்ச்சிக்கு மின்சாரம் இராது. இருவரும் சேர்ந்ததால் உயிர் பிழைக்கிறது. நான் சொல்ல வந்ததன் சாரம் முழுவதும் இந்தக் கருவிக்குள் இருக்கிறது.

கண்டன்சரின் பெரிய அண்ணன்

கெப்பாசிட்டர் என்றதும் பயப்பட வேண்டாம். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் "கண்டன்சர் போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்கிறோமே, அதே பொருள்தான். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் அது இருக்கிறது. இரண்டு உலோகத் தாள்களுக்கு நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய படலம், அவ்வளவே. 1745-46 வாக்கில் ஐரோப்பாவில் லைடன் ஜாடி என்ற பெயரில் அதன் முதல் வடிவம் வந்தது. அதில் இரசாயன மாற்றம் எதுவும் இல்லை. மின்னூட்டம் தகட்டின் மேற்பரப்பில் வந்து உட்காருகிறது, கேட்டதும் எழுந்து போகிறது. அதனால்தான் அது அவ்வளவு வேகம். அதனால்தான் அது அவ்வளவாகத் தேய்வதும் இல்லை.

ஆனால் சாதாரணக் கண்டன்சரில் கொள்கிற மின்சாரம் மிகவும் சொற்பம். மேற்பரப்பு அதிகமானால்தான் கொள்ளளவும் அதிகமாகும். இதற்கு வழி காட்டியது கரி. தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, நீராவியில் பதப்படுத்தினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள் உண்டாகின்றன. அப்படிப்பட்ட ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் வரும். அதாவது கால் ஏக்கர். நம் காங்கேயம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக் கரி எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்! அந்தக் கரியை மின் தகடாக்கி, உப்புக் கரைசலில் நனைத்தால், கரியின் பரப்பிலும் கரைசலிலும் எதிரெதிராக மின்னூட்டங்கள் ஒட்டி நிற்கின்றன. இந்த இரட்டை அடுக்கைப் பற்றி ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே எழுதினார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கர் 1957-ல் கரித் தகடு வைத்த கெப்பாசிட்டருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று அதைச் சூப்பர் கெப்பாசிட்டர் என்கிறார்கள்.

ஃபேன் கண்டன்சரின் அளவு சுமார் இரண்டரை மைக்ரோ ஃபாரட். கையில் பிடிக்கக்கூடிய, அரைக் கிலோ எடையுள்ள ஒரு சூப்பர் கெப்பாசிட்டரின் அளவு 3,000 ஃபாரட். நூற்றிருபது கோடி மடங்கு! இருந்தாலும் அதன் மின்னழுத்தம் 2.7 வோல்ட்தான். அதில் சேரும் ஆற்றல் சுமார் 3 வாட்-மணி. ஒரு 9 வாட் விளக்கை 20 நிமிடம் எரிக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியோ ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-மணி கொள்ளும். அதே விளக்கை 200 மணி நேரம் எரிக்கும். ஆகவே ஒரு பேட்டரியின் இடத்தை நிரப்ப 600 சூப்பர் கெப்பாசிட்டர்கள் வேண்டும். எடை 300 கிலோ ஆகும், விலையும் கட்டுப்படியாகாது. சேமித்து வைக்கும் வேலையில் பேட்டரியை அது ஒருநாளும் வெல்லாது.

ஆயுளில் கணக்கு தலைகீழ். ஈய-அமில பேட்டரியை ஆழமாகக் காலி செய்து நிரப்பினால் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் தடவை தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சில ஆயிரம் தடவை தாங்கும். சூப்பர் கெப்பாசிட்டரோ ஐந்து லட்சம், பத்து லட்சம் தடவை நிரம்பிக் காலியாகும்.

ஒரு சிறிய மருத்துவமனையின் இரவுக் கணக்கு

இப்போது ஒரு சிறிய மருத்துவமனையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவில் மின்சாரம் நின்றுபோகிறது. ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்றுக்கு 350 வாட், விளக்குகளுக்கு 100 வாட், தடுப்பு மருந்துக் குளிர்பெட்டிக்குச் சராசரி 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 550 வாட். நான்கு 150 ஆம்பியர்-மணி பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட், 7,200 வாட்-மணி. பேட்டரியின் நலனுக்காகப் பாதியைத்தான் செலவிட வேண்டும். 3,600 வாட்-மணி. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடும். பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் 11 ஆம்பியர் சொச்சம். இது அதற்கு நடைப்பயிற்சி போன்றது.

அந்த நேரத்தில் ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரை யாரோ போடுகிறார்கள். அது ஓடும்போது சுமார் 1,000 வாட். ஆனால் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு விநாடிக்கு 6,000 வாட் என்றால் செலவான ஆற்றல் 2 வாட்-மணிகூட இல்லை. 7,200-ல் அது கடுகளவு. ஆனால் அந்த ஒரு விநாடியில் பேட்டரி 125 ஆம்பியர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நடந்துகொண்டிருந்த முதியவரைத் திடீரென்று ஓடச் சொன்னது போல.

பேட்டரி புதிதாக இருந்தால் சமாளிக்கும். இரண்டு மூன்று வருடம் ஆனதென்றால் அதன் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் சட்டென்று சரியும். இன்வெர்ட்டருக்கு நியாயம் தெரியாது. "பேட்டரி காலி" என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே அறை இருண்டுவிடும், ஆக்சிஜன் செறிவூட்டி நின்றுவிடும். மூச்சுக்குத் திணறுகிற ஒரு குழந்தைக்கு, பேட்டரியில் மிச்சம் இருந்தது என்பதால் எந்த ஆறுதலும் இல்லை.

இங்கேதான் ஓடி வருபவர் தேவைப்படுகிறார். முன்சொன்ன அரைக் கிலோ சூப்பர் கெப்பாசிட்டர் 24-ஐத் தொடராக இணைத்தால் எடை 12 கிலோதான். சேர்ந்திருக்கும் ஆற்றல் 72 வாட்-மணி. அதில் பாதியைப் பயன்படுத்தினாலும் இப்படிப்பட்ட இருபது திடீர்ச் சுமைகளைத் தொடர்ந்து தாங்கலாம். இடையில் பேட்டரி அதை மெதுவாக நிரப்பிவிடும். வங்கியில் பணம் போட்டு வைத்திருக்கிற அம்மா, பஸ் டிக்கெட்டுக்கு வங்கிக்கு ஓடுவதில்லை. இடுப்பில் உள்ள சுருக்குப்பையிலிருந்து எடுக்கிறார். பை காலியானால் வாரம் ஒருமுறை வங்கியிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். பேட்டரி வங்கி, சூப்பர் கெப்பாசிட்டர் சுருக்குப்பை.

இரண்டையும் வெறுமனே கம்பியால் இணைத்தால் பலன் முழுதாகக் கிடைக்காது. பேட்டரியின் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கும். கெப்பாசிட்டரின் மின்னழுத்தமோ காலியாகக் காலியாக இறங்கிக்கொண்டே போகும். முக்கால் பங்கு ஆற்றலை எடுத்துவிட்டால் மின்னழுத்தம் பாதியாகியிருக்கும். ஆகவே நடுவில் ஒரு மின்னணு மாற்றி வேண்டும். அதோடு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கும். முறத்தில் புடைக்கும்போது நொய் ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் பிரிவது போல, மெதுவாக மாறும் சுமையைப் பேட்டரிக்கும், படபடவென்று மாறும் சுமையைக் கெப்பாசிட்டருக்கும் அது பிரித்துக் கொடுக்கும். வரிசையில் உள்ள ஒவ்வொரு கெப்பாசிட்டரும் சமமாக நிரம்புகிறதா என்று பார்க்கவும் ஒரு சுற்று வேண்டும்.

மேகமும் காற்றும்

செலவுப் பக்கத்தில் மட்டுமல்ல, வரவுப் பக்கத்திலும் இதே கதைதான். அனல் மின்சாரம் போல வெயில் ஒரே சீராக வருவதில்லை. ஒரு துண்டு மேகம் கடந்தால் சில விநாடிகளில் தகட்டின் உற்பத்தி பாதிக்கும் கீழே போகும், மேகம் விலகியதும் ஏறும். நாளொன்றுக்கு நாற்பது தடவை இப்படி நடந்தால் வருடத்துக்கு 14,600 தடவை. ஒவ்வொரு தடவையும் பேட்டரியே கொடுத்தும் வாங்கியும் ஈடுகட்டினால் அதற்கு ஓய்வே இல்லை. பத்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தடவை என்றாலும் சூப்பர் கெப்பாசிட்டருக்கு அது பெரிய கணக்கல்ல.

இது நம் கூரையோடு நிற்கிற விஷயமும் அல்ல. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 2025-ல் 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் மே முதல் அக்டோபர் வரை காற்றடித்தால் மின்சாரம் குவிகிறது. கமுதியில் 2016-ல் திறக்கப்பட்ட சூரிய மின் நிலையம் மட்டும் 648 மெகாவாட். இவ்வளவு வெயிலையும் காற்றையும் நம்பி வாழும்போது மின்கட்டமைப்பின் துடிப்பைச் சீராக வைப்பது பெரிய பொறுப்பு.

அந்தத் துடிப்பு விநாடிக்கு 50 தடவை. நமக்குப் பக்கத்தில் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் உள்ள கனத்த எந்திரங்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. திடீரென்று சுமை கூடினாலும் அந்தக் கனத்த சக்கரம் உடனே நின்றுவிடாது. தன் சுழற்சி வேகத்திலிருந்து கொஞ்சம் கொடுத்து, முதல் சில விநாடிகளைத் தாங்கும். சூரியத் தகட்டில் சுழலும் சக்கரம் இல்லை. ஆகவே அந்த முதல் விநாடிகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்திய மின்கட்டமைப்புகள் சரிந்து 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். அதற்குக் காரணம் வேறு. ஆனால் அந்தத் துடிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது. 2013 டிசம்பர் 31 முதல் தென்னிந்தியாவும் அதே துடிப்பில் இணைந்திருக்கிறது.

மணிக்கணக்கில் சேமிக்க நம் மாநிலத்தில் ஏற்கெனவே வழி உண்டு. ஆழியாறு அருகே உள்ள காடம்பாறையில், மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். 1980-களின் இறுதியிலிருந்து அது வேலை செய்கிறது. அது நம் மாநிலத்தின் பெரிய பேட்டரி. விநாடிக்கணக்கில் கைகொடுக்கச் சூப்பர் கெப்பாசிட்டர்கள் உதவுமா என்பதை வெளிநாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டின் லா பால்மா தீவில் 4 மெகாவாட் அளவுக்குச் சில விநாடிகள் கொடுக்கும் தொகுப்பை வைத்துத் துடிப்பைத் தாங்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் எனர்ஜி நிறுவனம் 2016-ல் தன் ரேங்கின் துணைமின் நிலையத்தில் பேட்டரியையும் சூப்பர் கெப்பாசிட்டரையும் ஒன்றாகவே வைத்தது. பக்கத்தில் உள்ள சூரியப் பண்ணையின் மேக ஆட்டத்தைக் கெப்பாசிட்டர் தாங்கியது. பகல் மின்சாரத்தை மாலைக்கு எடுத்து வைப்பதைப் பேட்டரி செய்தது.

காரைக்குடியில் ஒரு கொடை

நீங்கள் காணிக்கை கொடுப்பவர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. பேட்டரி, கெப்பாசிட்டர் ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அது அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு தனி மனிதரின் கொடை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த நாளில் இன்வெர்ட்டரும் இல்லை, சூரியத் தகடும் இல்லை. பலன் தன் காலத்துக்குள் கைக்கு வருமா என்று பார்க்காமல் கொடுத்த கொடை அது.

பின்னாளில் அந்த நிலையத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ஏ. கே. சுக்லாவும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவருடன் உழைத்தவர்களும், ஒரு பக்கம் பேட்டரியின் ஈயத் தகடும் மறுபக்கம் கெப்பாசிட்டரின் கரித் தகடும் வைத்து, இருவரையும் ஒரே டப்பாவுக்குள் குடியேற்றும் முறையை உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமும் இதே எண்ணத்தில் ஈயமும் கரியும் சேர்ந்த பேட்டரியை உருவாக்கியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2011-ல் ஒரு சூரிய மின் நிலையத்தின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்க அதை வைத்தார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்தில் கெல்ட்ரான் நிறுவனம் இஸ்ரோவின் உதவியோடு சூப்பர் கெப்பாசிட்டர் தயாரிக்கும் ஆலையை 2024 அக்டோபரில் திறந்திருக்கிறது. ஆகவே இது தொலைதூரத்து வெள்ளைக்காரர் சமாச்சாரம் மட்டுமல்ல.

அவசரப்பட வேண்டாம்

இவ்வளவும் கேட்டுவிட்டு, நாளைக்கே ஒரு பெட்டி வாங்கிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவரின் உழைப்பு. ஆகவே முதலில் செலவில்லாத வைத்தியம், பிறகுதான் மாத்திரை.

முதலாவது, திடீர்ச் சுமையையே குறைக்க வேண்டும். மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் ஏற்றுவதை வெயில் நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். உயிர் காக்கும் சாதனங்களுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். அந்த லைனில் யாரும் இஸ்திரிப் பெட்டியைச் செருகக் கூடாது!

இரண்டாவது, பேட்டரிக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். சங்ககிரியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஈய-அமில பேட்டரி இருக்கும் இடத்தில் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பொதுவான கணக்கு. தகரக் கூரைக்கு அடியில் வைத்த பேட்டரியைக் கெப்பாசிட்டர் வந்து காப்பாற்றாது. கெப்பாசிட்டருக்கும் அதிகச் சூடு ஆகாது.

மூன்றாவது, இன்றைய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பழைய ஈய பேட்டரியைவிட வேகமாகக் கொடுக்கக் கூடியவை. சுமை அவ்வளவாக ஆடாத இடத்தில் அதுவே போதும். சூப்பர் கெப்பாசிட்டரைச் சேர்ப்பது எங்கே லாபம் என்றால், திடீர்ச் சுமைகள் அடிக்கடி வருகிற இடத்திலும், பேட்டரி மாற்ற ஆளும் வண்டியும் போய்ச் சேர வசதியில்லாத மலைக் கிராமத்து மருந்தகத்திலும்தான். இன்னொன்று, சூப்பர் கெப்பாசிட்டர் சும்மா கிடந்தாலே அதில் உள்ள மின்சாரம் நாள்பட நாள்பட வடிந்துவிடும். அதை நம்பி இரவு முழுவதும் இருக்க முடியாது.

எதற்காக இவ்வளவு கவலை?

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமானத்துக்குக் குறைந்த நாடுகளிலும் ஏறத்தாழ 100 கோடி மக்கள் நம்பியிருக்கும் மருத்துவ நிலையங்களில் மின்சாரமே இல்லை அல்லது நம்பகமான மின்சாரம் இல்லை என்றது. நம் நாட்டில் சத்தீஸ்கர் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தபின் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மின்பற்றாக்குறை உள்ள நிலையங்களில், சூரிய மின்சாரம் இருந்தவை, இல்லாதவற்றைவிட மாதத்தில் 50 சதவீதத்துக்கும் அதிகமாக உள்நோயாளிகளைச் சேர்த்தன. ஏறத்தாழ இரு மடங்கு பிரசவம் பார்த்தன. விளக்கு எரியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தாய்மார் இரவில் வந்து சேருகிறார்கள்.

அந்த நம்பிக்கை தகட்டால் மட்டும் வருவதில்லை. பத்துக் கன்னிகைகளின் உவமையை நாம் எல்லாரும் அறிவோம். தீவட்டி எல்லார் கையிலும் இருந்தது. கூட எண்ணெய் எடுத்து வந்தவர்கள் ஐந்து பேர்தான். கூரையில் மின்னும் தகடு கண்ணுக்குத் தெரியும் தீவட்டி. அதன் அருகே பெயர்ப் பலகை வைக்கலாம், படமும் எடுக்கலாம். மூலையில் இருக்கும் பேட்டரியையும் அதன் துணையையும் யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் நள்ளிரவில் எண்ணெயாக இருப்பது அதுதான். 1980-களில் சூரியக் குளிர்பெட்டிகளைத் தடுப்பு மருந்துக்காகப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். பல இடங்களில் தகடு நன்றாக இருந்தும், பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்காததால் பெட்டிகள் சும்மா நின்றன. பிறகுதான், பகலில் ஐஸாக உறைய வைத்து இரவுக்குக் குளிரைச் சேமிக்கும் பேட்டரி இல்லாத பெட்டிகள் வந்தன. அந்தந்த வேலைக்கு ஏற்ற சேமிப்பு என்ற அதே பாடம்தான் இங்கும்.

ஆகவே, இங்கேயோ வேறு எந்த ஊழியத்துக்கோ சூரிய மின்சாரத்துக்கென்று நீங்கள் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இரவில் எத்தனை மணி நேரம், எந்தச் சாதனங்கள் ஓட வேண்டும்? ஒரே கணத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும், அதைத் தாங்கப்போவது யார்? பேட்டரியை மாற்றும் வருடத்துக்கு இன்றைக்கே எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறீர்கள்? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் கேட்பவர்கள் குறைவு. அவற்றுக்குத் தெளிவான பதில் வந்தால் மனநிறைவோடு கொடுங்கள். பதில் வராவிட்டால், பதில் வரும்வரை பொறுத்திருந்து பிறகு கொடுங்கள்.